அப்பாவுக்கு முன்னால்

மீனம்மா பசாரில் வழுக்கி விழுந்தாள். மீன் கடை வாசலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அது. செலண்டாரில் அந்த இடம் தெரியாதவர் கிடையாது, எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். அன்றைக்கு மத்தி மீன் புதிதாக வந்திறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு நேராக நடந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. மலாக்கா பெரியாஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே இரும்பு வைத்துத் தைத்து, ஊன்றி நடக்க நாலு கால் தடி ஒன்றையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சூசாவும் சிரமமும் தொடங்கின. ரங்கசாமிக்குச் சோறாக்கத் தெரியும். ரசம் வைப்பார், நெத்திலி பொரிப்பார், கொல்லையில் நிற்கும் முருங்கையில் கீரை ஒடித்து வந்து முட்டை உடைத்து ஊற்றிக் கிண்டுவார். துணியை மிஷின் துவைத்துவிடும். மனைவியைக் குளிப்பாட்டுவதுதான் அவருக்கு முடியவில்லை.

அவர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறி, ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது, அங்கிருந்த பாதிப் பேர் இந்தத் தாமான் குடியிருப்புக்குத்தான் குடிவந்தார்கள். வரிசை வீடு. குளியலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மீனம்மாவை உட்காரவைத்து, வாளியில் வெந்நீர் கலந்து, ரங்கசாமி மங்குக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினார்.

"ஏங்க, தண்ணி கட்டு மேல படுது."

"படல. நீ ஆடாம இரு."

"நான் எங்க ஆடுறேன்? ஒங்க கைதான் ஆடுது."

உண்மைதான். கித்தா வெட்டி ரப்பர் பால் எடுக்கும் வேலை போனதிலிருந்து அவர் புல் வெட்டுகிறார். நாள் முழுக்க மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் நடந்துவிட்டு வந்தால், மிஷினை இறக்கிவைத்த பிறகும் கைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். மங்கு நாற்காலியின் விளிம்பில் இடித்தது. சோப்பு நழுவியது. குனிந்து தேடும்போது அவர் தோள் அவள் காலில் பட்டு, மீனம்மா அலறிவிட்டாள்.

பக்கத்து வீட்டு இருசம்மாள் இரண்டு நாள் வந்து உதவினாள். அவளுக்கே முட்டி வலி. வேலைக்கு ஆள் வைக்கலாமென்றால், முன்பின் தெரியாதவளுக்கு முன்னால் துணியை அவிழ்க்க மாட்டேன் என்று மீனம்மா ஒரே பிடியாக நின்றாள். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சில நாள் ஓடியது. ஒரு மாலை, கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஷாந்தினியக் கூப்புடுங்க."

ஆறு வருடமாக அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஷாந்தினி மூத்தவள். ஆயர் குரோவில் ஃபேக்டரி வேலைக்குப் போன இடத்தில், அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அஸ்மானை விரும்பினாள். மலாய்ப் பையன். கட்டுவதென்றால் மதம் மாறித்தான் கட்ட முடியும், மாறினாள். இப்போது மூவாரில் இருக்கிறாள். ரங்கசாமி வேலைக்குப் போனபின் மீனம்மா அவளோடு போனில் பேசுவாள் என்பது ரங்கசாமிக்குத் தெரியும். தெரியும் என்பது மீனம்மாவுக்கும் தெரியும்.

அன்றிரவே, மீனம்மா சொல்லிவைத்தபடி, ஜொகூர் பாருவிலிருந்து மகன் ஹரிதாஸ் போனில் கூப்பிட்டான்.

"அப்பா, அக்கா லீவு போட்டு வருதாம். அம்மா எழுந்து நடக்குற வரைக்கும் இருக்குமாம். நீங்க சரின்னா."

ரங்கசாமி கட்டிலைப் பார்த்தார். மீனம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள், ஆனால் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தாள்.

"வரட்டும். ஆனா தலையில அந்த முக்காட்டுத் துணிய மாட்டிக்கிட்டு இந்த லோரோங்குத் தெருவுல நடக்கக் கூடாது. அத மட்டும் சொல்லிடு."

"என் ஃபேக்டரில பாதிப் பிள்ளைங்க துடோங்தான் போட்டிருக்கு. ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்லா."

"அது யாரு வீட்டுப் பிள்ளைங்களோ. இது எம் மக."

கொஞ்ச நேரத்தில் ஹரிதாஸ் திரும்பக் கூப்பிட்டான்.

"போட்டுக்கிட்டுத்தான் வருமாம். கோவமாச் சொல்லல. முன்னாலயே அப்பாகிட்ட சொல்லிடு, வந்த பொறவு மனசு கஷ்டப்பட வேணாம்னு சொன்னிச்சி."

ரங்கசாமி போனை மேசையில் வைத்தார். மீனம்மா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"துடோங் போட்டு வந்தாலும் சரி, கூடையக் கவுத்துக்கிட்டு வந்தாலும் சரி. எனக்கு எம் பொண்ணு வேணும். நான் நாறிப்போய்க் கெடக்குறேன்."

ரங்கசாமி எழுந்துபோய் முன்கதவைப் பூட்டிவிட்டு வந்து படுத்தார். பதில் சொல்லாமல் அவர் படுத்துவிட்டால் அது சம்மதம் என்று மீனம்மாவுக்கு அர்த்தம்.

மறுநாள் ஜாசின் போகும் ரோட்டில் வேலை. காலை வெயில் முதுகைச் சுட்டது. பதினோரு மணிக்கு மிஷின்களை நிறுத்திவிட்டு, ஆட்கள் செம்பனை நிழலில் ஒதுங்கினார்கள். ரங்கசாமி லோரி ஓட்டும் மலாய்க்காரர் பாக் டின்னின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாக் டின்னும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். அவருடைய அப்பா தோட்டத்து டிரைவர். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"என்னா சாமி, மூஞ்சி சரியில்ல."

ரங்கசாமி சொன்னார். பாக் டின் பிளாஸ்டிக் பையிலிருந்த கோப்பியை ஸ்ட்ராவால் உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டார்.

"எங்கம்மா ஒங்க நெரைக்குப் பக்கத்து நெரையிலதான் கித்தா வெட்டிச்சி. தலையில ஒரு துவாலை, வெயிலுக்கு. ஒங்கம்மா தலையிலயும் அதே மாதிரி துவாலை. அப்ப யாரும் ஒன்னும் கேக்கல. இப்ப பாரு, என் பேத்தி, அஞ்சு வயசு, அதுக்கும் துடோங். சின்னப் பிள்ளலா, வேர்க்கும், வேணாம்னு சொன்னேன். சின்னதுலயே பழகட்டும்னு மருமக சொல்லுது. கோலாலம்பூர்ல என் பொண்ணு ஒருத்தி இருக்கு, அது போடவே போடாது. ஆபிஸ்ல எவனாவது எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கானாம், அதுவும் கேக்காது. ராயாப் பெருநாளுக்கு வந்தா மருமகளும் பொண்ணும் ஒரே மேசையில ஒக்காந்து ரெண்டாங் கறி சாப்பிடுது. நான் வாயத் தொறக்காம சாப்பிடுறேன்."

"நீ என்னா நெனைக்கிற? எது சரி?"

"நான் லோரி ஓட்டுறவன்லா சாமி," என்று பாக் டின் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "போடணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா போடாத பொண்ணும் என் பொண்ணுதான்," என்றார்.

"ஒனக்கு ரெண்டுமே ஒன் பொண்ணாத் தெரியுது. எனக்குத் தெரியல டின். அதான்."

அதுவரை யாரிடமும் சொல்லாததை ரங்கசாமி அன்றைக்குச் சொன்னார். ஷாந்தினியின் கல்யாணம் நடந்த மறு வருடம், மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் மீனம்மா அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போனாள். நீல நிற துடோங் போட்ட ஒரு மலாய்க்காரப் பெண் அவருக்கு முன்னால் வந்து நின்றது. வழி கேட்கத்தான் வருகிறதென்று நினைத்தார். எழுந்து மரியாதையாக, "யா சிக், சாரி சியாபா?" என்று கேட்டார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு "அப்பா" என்றது.

"யாரைத் தேடுறீங்கன்னு எம் மககிட்டயே கேட்டுட்டேன் டின். வெரல் புடிச்சி நடக்கவச்ச பிள்ள. எனக்கு அடையாளம் தெரியல."

"பொறவு?"

"அங்க நிக்க முடியல. திரும்பிப் பாக்காமப் போயிட்டேன்."

பாக் டின் மிச்சமிருந்த பிசாங் கோரெங் பழப் பொரியலை அவர் பக்கம் தள்ளிவைத்தார். மேஸ்திரி விசில் ஊதினான். இருவரும் எழுந்தார்கள்.

ஷாந்தினி சனிக்கிழமை வந்தாள். மதியத்துக்கு மேல் ஜெராம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தாமான் முனையில் காடி வந்து நின்றது. அஸ்மான் இறங்கிப் பின்கதவைத் திறந்து பைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டான். ஷாந்தினி தலையில் பச்சைப் பாக்கு நிறத்தில் துடோங், உடம்பில் நீளக் கை பாஜு சட்டை. இரண்டு கையிலும் பை. லோரோங்கில் அவள் நடந்து வருவதைச் சன்னல் வழியாக ரங்கசாமி பார்த்தார். இந்த முறை அடையாளம் தெரிந்தது. வலது காலைக் கொஞ்சம் வெளியே வைத்து நடக்கும் அந்த நடை அவருடைய அம்மாவின் நடை.

இருசம்மாள் கேட்டுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தாள்.

"ஏண்டி ஷாந்தினி, ஒங்கப்பா அவ்ளோ சொல்லியும் இப்படித்தான் வரணுமா? நாலு எட்டு, இந்த லோரோங்குக்குள்ள மட்டும் கழட்டிட்டு வந்தா என்னா கொறஞ்சிடும்?"

"அத்தே, நல்லா இருக்கீங்களா? முட்டி இன்னும் வலிக்குதா? மூவார்ல ஒரு எண்ணெய் விக்கிறாங்க, ஒங்களுக்கு ஒன்னு வாங்கியாந்தேன்."

இருசம்மாள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, எண்ணெய்ப் புட்டியை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

ஷாந்தினி செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். "அப்பா," என்றாள். ரங்கசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் நிற்காமல் நேராக அறைக்குள் போனாள். உள்ளிருந்து அம்மாவும் மகளும் அழும் சத்தம் வந்தது. எது யாருடைய அழுகையென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு நாலு கால் தடி தரையைத் தட்டும் ஒலி குளியலறைப் பக்கம் போனது.

மழை பிடித்துக்கொண்டது. ஜிங்க் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல் விழுந்தது. ரங்கசாமி ஹாலில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி இழுபடுவது, தண்ணீர் விழுவது, "சூடு போதுமாம்மா?", "இன்னும் கொஞ்சம்", மறுபடி தண்ணீர். ஷாம்பு வாசனை வந்தது. ஷாந்தினி ஏதோ சொன்னதற்கு மீனம்மா சிரித்தாள். பசாரில் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

"அப்பா, பெரிய டவல் எங்க இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தார். ஷாந்தினி ஹால் வாசலில் நின்றாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். தலையில் ஒன்றுமில்லை. ஒற்றைப் பின்னலைக் கொண்டையாகச் சுற்றிச் செருகியிருந்தாள், மீனம்மா செருகுவதுபோலவே. நெற்றி ஓரத்தில் நரை இழைகள் தெரிந்தன.

ரங்கசாமி அலமாரியைக் கையால் காட்டினார். அவள் டவலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆக, சொன்ன சொல்லைக் கேட்டுவிட்டாள். கழட்டிவிட்டாள். ஆறு வருடம் எதற்காக வீம்பு பிடித்தாரோ அது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படுத்துக் கிடக்கும் அம்மாவைக் காட்டி மகளை மடக்கிவிட்டோமோ என்று தோன்றியது.

மீனம்மாவைத் துடைத்து, பவுடர் போட்டு, பூப்போட்ட நைட்டியை மாட்டிக் கட்டிலில் சாய்த்தாள் ஷாந்தினி. மீனம்மா குங்குமச் சிமிழைக் கண்ணால் காட்டினாள். ஷாந்தினி ஒரு கணம் தயங்கினாள். பிறகு விரலில் தொட்டு அம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டு, விரலை டவலில் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்று ரங்கசாமி இதைப் பார்த்தார்.

அவள் சமையலறைக்கு வந்தபோது பின்னாலேயே வந்தார்.

"ஷாந்தினி."

"ம்?"

"நான் சொன்னேங்கிறதுக்காகக் கழட்ட வேணாம். ஒனக்குக் கழட்டப் புடிக்கலைன்னா போட்டுக்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுக்காகக் கழட்டலப்பா. ஒங்களுக்கு முன்னால போடணும்னு இல்லையே. நீங்க அப்பாதானே."

"அப்பான்னா?"

"வெளி ஆம்பளைங்களுக்கு முன்னாலதான்பா போடுறது. ஒங்களுக்கு, ஹரிக்கு, அஸ்மானுக்கு, அஸ்மானோட அப்பாவுக்கு எல்லாம் வேணாம்."

"நான் சாமி கும்புடுறவன்."

"கும்புட்டா? அப்பா இல்லைன்னு ஆயிடுமா?"

ரங்கசாமி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். மழைச் சாரல் சன்னல் வழியாக வந்து மேசையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை.

"இத யாரும் எங்கிட்ட சொல்லலியே."

"நீங்க கேக்கலியேப்பா. அன்னிக்கி மலாக்கா சென்ட்ரல்ல அத்தனை பேர் நின்னாங்க. அங்க எப்படிக் கழட்டுறது? ஒரு வார்த்தை வீட்டுக்கு வான்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே என் தலைய பாத்திருப்பீங்க." அவள் மேசையில் விழுந்த சாரலைத் துடைத்தாள். "என்னை யாருன்னு கேட்டீங்க. ஒங்க மேல கோவம் வரல. நீங்க விட்டுட்டுப் போனீங்க பாருங்க, அதுக்குத்தான் அழுதேன்."

"அவமானமாப் போச்சி."

"துடோங் போட்டதுக்கா?"

"இல்ல. எனக்குத் தெரியலைங்கிறதுக்கு."

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மேசையில் ஒடித்துப் போட்டிருந்த முருங்கைக் கீரையை உருவத் தொடங்கினாள். அவரும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். இலைகள் தட்டில் விழுந்தன.

"யாரு போடச் சொன்னது? அவனா, அவங்கம்மாவா?"

"அவங்கம்மா சும்மா ஒரு செலண்டாங் துப்பட்டாதான் போட்டுக்குவாங்க, பாதி முடி வெளிய தெரியும். அவசரப்படாதே, மெதுவா பழகுன்னாங்க. மொதல்ல ஊருக்குப் பயந்துதான் போட்டேன்பா. வேர்த்துச்சி, அரிச்சிச்சி. ஒரு வருஷம் கழட்டிட்டேன். அஸ்மான் ஒன்னும் சொல்லல, அவன் சொந்தக்காரங்க சொன்னாங்க. அப்புறம் நானா மறுபடி போட்டுக்கிட்டேன். தொழுது பழகினதுக்கப்புறம் இதுவும் எனக்குள்ள வந்திடுச்சி. இப்ப போடாம வெளிய போனா செருப்பில்லாம போற மாதிரி இருக்கு."

"யாரும் கட்டாயப்படுத்தலியா?"

"இல்லப்பா."

ரங்கசாமி பெருமூச்சு விட்டார். "எவனாவது கட்டாயப்படுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவன் மேல கோவப்பட்டிருப்பேன். இப்ப இந்தக் கோவத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஷாந்தினி சிரித்துவிட்டாள். அவருக்கும் உதடு கோணியது.

"எனக்கு மட்டும் சும்மாவாப்பா இருக்கு? துணிக்கடையில நம்ம அக்காங்க ரெண்டு பேரு, 'பாரு, மதம் மாறினவ, மொகத்துலயே தெரியுது'ன்னு என் முன்னாலயே தமிழ்ல பேசுறாங்க. கல்யாண விருந்துக்குப் போனா மலாய்க்காரங்க, எப்ப மாறின, முழுசா மாறிட்டியான்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் என் தலையத்தான் பாக்குறாங்க. ஊட்டுக்குள்ள வந்து கதவச் சாத்தினப்புறம்தான் நான் ஷாந்தினி."

"பேர மாத்திட்டாங்கதானே?"

"முன்னால நூர் சேர்த்துக்கிட்டேன். ஷாந்தினி அப்படியேதான் இருக்கு."

"பொம்பளைங்க வந்தா போடணுமா? இருசம்மா அடிக்கடி வரும்."

"அதுல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்கப்பா. இருசம்மா அத்தைக்கு நான் போட மாட்டேன். சின்னதுல எனக்குப் பேன் பாத்ததே அதுதான்."

ரங்கசாமி கீரைத் தண்டுகளை ஒன்றுசேர்த்து ஓரமாக வைத்தார். இன்னும் ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கத் தெரியாமல், "சாப்புடுவியா இங்க?" என்றார். "கோழி வேணும்னா பசார்ல ஹலால் கடையில வாங்கியாறேன். சட்டி எல்லாம் நம்ம சட்டிதான்."

"கீரையும் முட்டையும் போதும்பா. நீங்க செய்யிற மாதிரி செய்ங்க. நான் போயி தலைக்கு ஊத்திட்டு வந்துடுறேன், அம்மாவக் குளிக்க வச்சதுல பாதித் தண்ணி என் மேலதான்."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். வெங்காயம் அரிந்து போட்டார். கீரை வதங்கும் நேரத்தில் ஷாந்தினி குளித்துவிட்டு வந்து, ஃபேனுக்குக் கீழே முடியை விரித்துப்போட்டு நின்றாள். இடுப்புவரை இருந்தது. மீனம்மா அறையிலிருந்து, "நல்லாத் தொவட்டுடி, சளி புடிக்கும்," என்று அதட்டினாள். இத்தனை வருடமும் அதட்டிக்கொண்டே இருந்தவள்போல.

மூவரும் மீனம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து ரங்கசாமி கை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோயில் செயலாளர் தங்கையா. லயத்துக் காலத்திலிருந்து பழக்கம். இந்த வீட்டுக்குள் வர அவர் குரல் கொடுத்ததே கிடையாது, கேட்டைத் திறந்துகொண்டு நேராகச் சமையலறைவரை வந்துவிடுவார். மழைக்கோட்டைக் கழற்றிக் கேட்டில் போட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலுக்கு வந்தார்.

ஷாந்தினி ஹாலைத் தாண்டித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஈர முடி முதுகில் கிடந்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நின்றாள். இரண்டு கையிலும் எச்சில் தட்டு. துடோங் அறைக்குள் கொடியில் கிடந்தது.

ரங்கசாமி கையைக்கூடத் துடைக்கவில்லை. வேகமாகப் போய் முன்கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையை நிலையில் ஊன்றினார்.

"தங்கையா, அங்கேயே நில்லு."

"என்னாண்ணே? மீனம்மாவப் பாக்கத்தான் வந்தேன்."

"பாக்கலாம். கொஞ்சம் நில்லு. எம் மக உள்ள இருக்கு."

"எந்த மக?" தங்கையா எட்டிப் பார்க்க முயன்றார். ரங்கசாமி அந்தப் பக்கம் நகர்ந்து மறைத்தார். "ஷாந்தினியா வந்திருக்கு? நான் தூக்கி வளத்த பிள்ளலா, எனக்கு என்னா?"

"ஒனக்கும்தான். தலைக்குப் போட்டுக்கிட்டு வரட்டும். இரு."

தங்கையா அவர் முகத்தைப் பார்த்தார். கோயில் கூட்டத்தில் இதே துடோங்கைப் பற்றி வேறு மாதிரி பேசிய முகம் அது. கேட்க வந்த கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். கூரையின் முனையிலிருந்து மழைநீர் அவர் தோளில் ஊற்றியது. ஒரு எட்டு முன்னால் வைக்கப் பார்த்தார்.

"மழையில நிக்கவைக்கிறியேண்ணே."

"நனைஞ்சா தொவட்டிக்கலாம்."

அறைக்குள் நாலு கால் தடி விழும் சத்தமும், "அங்க இல்லடி, கொடியில, கொடியில," என்று மீனம்மா சொல்வதும் கேட்டது. ரங்கசாமி தெருவைப் பார்த்தபடியே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஆச்சாம்மா?"

"இன்னும் ஒரு நிமிஷம்பா."

"அவசரமில்ல," என்றார் ரங்கசாமி. "நான் நிக்கிறேன்."